கம்பியில்லா ட்ரம்ஸும் கடைமடைத் தாளமும்

முத்துப்பேட்டை வட்டாரத்தில் அறுவடை முடிந்து, கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் கச்சேரிக் காலம்தான். திடலில் மேடை போட்டு, சீரியல் பல்பு கட்டி, ஏழு மணிக்கு மெல்லிசைக் கச்சேரி என்று நோட்டீசும் அடித்திருப்பார்கள். எட்டரை ஆகியும் கச்சேரி தொடங்காது. "ஹலோ... மைக் டெஸ்டிங்..." மட்டும் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்!

தாமதத்துக்குக் காரணம் என்ன என்று மேடையில் ஏறிப் பார்த்தால், பெரும்பாலும் ட்ரம்ஸ் இருக்கும் மூலையில்தான் சிக்கல் இருக்கும். பேஸ் ட்ரம்முக்கு ஒரு மைக், ஸ்னேருக்கு ஒன்று, மூன்று டாம்களுக்கு மூன்று, ஹை-ஹேட்டுக்கு ஒன்று, மேலே தட்டுகளுக்கு இரண்டு. ஆக எட்டு மைக், எட்டு வயர். பக்கத்தில் ஆக்டோபேட் இருந்தால் அதற்கும் தனியாக வயர். ஒன்றில் ஜாக் லூஸ், இன்னொன்றில் 'கர கர' சத்தம். சவுண்டு சர்வீஸ்காரர் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குனிந்து தேடிக்கொண்டிருப்பார்.

இந்த வயர்க் காட்டுக்கு இப்போது ஒரு மாற்று வந்திருக்கிறது. அதுதான் வயர்லெஸ் ட்ரிக்கர். 2024-ல் அமெரிக்காவின் டிடபிள்யூ நிறுவனம் (இதை 2022-ல் ஜப்பானின் ரோலண்டு வாங்கிவிட்டது) 'டிடபிள்யூஇ' என்ற ட்ரம்ஸ் செட்டை அறிமுகப்படுத்தியது. பார்ப்பதற்குச் சாதாரண மர ட்ரம்ஸ்தான். வழக்கமான தோலை மாட்டினால் சாதாரண ட்ரம்ஸாகவே வாசிக்கலாம். வலைத்தோல் மாட்டினால் எலக்ட்ரானிக் ட்ரம்ஸ். ட்ரம்மிலிருந்து ஒரு வயர்கூட வெளியே வராது. ஒவ்வொரு அடியும் ரேடியோ அலையாகப் போய்ச் சேர்ந்து, கணினியில் ஒலியாக மாறி, ஸ்பீக்கரில் வந்துவிடும். விலை மட்டும் பல ஆயிரம் டாலர்!

இவ்வளவு விலையுள்ள கருவிக்கும், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தாளத்தையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த பூமி இது. தாளக் கருவியில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் அவர்கள் வீட்டு அடுப்பைத்தான் தொடும். ஆகவே இந்த விஞ்ஞானத்தை வரவேற்பதா, வேண்டாம் என்பதா என்று யோசிக்கும் முன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கேஸ் லைட்டரும் ட்ரம்ஸும்

சமையலறையில் 'டிக்' என்று அமுக்கினால் தீப்பொறி வரும் கேஸ் லைட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு படிகத் துண்டு இருக்கும். அதன் மேல் அடி விழுந்ததும் மின்னழுத்தம் உண்டாகிறது. இதற்குப் பீசோ மின்விளைவு என்று பெயர். 1880-ல் பிரான்சின் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தது.

ட்ரம் ட்ரிக்கரின் இதயமும் இதேதான். நாணயம் போன்ற ஒரு பீசோ வில்லையைத் தோலின் மேலோ அடியிலோ பொருத்துகிறார்கள். குச்சி பட்டதும் தோல் அதிர்கிறது, வில்லை வளைகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. பலமாக அடித்தால் அதிக அழுத்தம், மெதுவாகத் தட்டினால் குறைந்த அழுத்தம். அதை எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்கு ஏற்ற ஒலியை நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது மாட்யூல் என்னும் பெட்டியின் வேலை.

1981-ல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் அறுகோண வடிவப் பேட்களோடு எலக்ட்ரானிக் ட்ரம்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983-ல் மிடி என்ற பொது மொழி வந்தது. ஒரு கம்பெனிக் கருவியை இன்னொரு கம்பெனிக் கருவியோடு பேச வைத்தது இதுதான். 1985-ல் ரோலண்டின் ஆக்டோபேட். எட்டுச் சதுரங்கள் கொண்ட அந்தப் பலகைதான் நம்மூர் மேடைகளைத் தலைகீழாக மாற்றியது. 1997-ல் அதே ரோலண்டு, குச்சி பட்டால் நிஜத்தோல் போலத் துள்ளும் வலைத்தோலைக் கொண்டுவந்தது. இவை எல்லாமே வயரோடு வந்தவை. அந்த வயரையும் எடுத்துவிட்டதுதான் இப்போது வந்திருக்கும் மாற்றம்.

தாமதம் என்னும் எதிரி

வயரை எடுப்பது கேட்பதற்குச் சுலபம். டிவி ரிமோட்டில் இல்லாத வயரா என்று தோன்றும். ஆனால் தாளக்காரருக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கை உறுத்தும்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 10 மில்லி விநாடி தாமதம் என்பது, அடித்த சத்தத்தை மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இடைவெளி ஒரு மீட்டர்தான், தாமதம் மூன்று மில்லி விநாடி. அது யாருக்கும் தெரியாது. சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் 100 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதம் வருவது சகஜம். அதை வைத்து ட்ரம்ஸ் வாசித்தால், நாற்பது மீட்டருக்கு அப்பால் வேறு யாரோ வாசிப்பது போலத்தான் கேட்கும். பாட்டு கேட்க அது போதும், தாளம் போட உதவாது!

அதனால்தான் வயர்லெஸ் ட்ரிக்கரில் ஒலியை அனுப்புவதில்லை. "இந்த ட்ரம், இந்த நேரம், இவ்வளவு பலம்" என்ற சிறு செய்தியை மட்டும் அனுப்புகிறார்கள். பழைய மிடி வயரிலேயே அந்தச் செய்தி மூன்று எழுத்துத் தந்தி மாதிரி, போய்ச்சேர ஒரு மில்லி விநாடிதான் ஆகும். செய்தி சிறிதாக இருப்பதால் காற்றிலும் வேகமாக அனுப்ப முடிகிறது. ஒலியைச் சுமந்து செல்லும் வயர்லெஸ் மைக்குக்கும் வயர்லெஸ் ட்ரிக்கருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆனால் திருவிழாக் கூட்டத்தில் வேறொரு சிக்கல் உண்டு. இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் புளூடூத்தும் இயங்குகின்றன. திடலில் ஆயிரம் பேர் உட்கார்ந்தால் ஆயிரம் செல்போன். மனித உடம்பில் இருக்கும் தண்ணீரும் அந்த அலையை உறிஞ்சும். மதியம் காலி மேடையில் ஒழுங்காக வேலை செய்த கருவி, ராத்திரி கூட்டத்துக்கு நடுவே தடுமாறலாம். வயர் அறுந்தால் கையால் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அலை அறுந்தால் எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று கரண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டை வட்டாரம் சின்னாபின்னமானது. தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். சார்ஜ் போட்டால்தான் சத்தம் வரும் கருவியை நம்பும் ஊர், அப்படிப்பட்ட நாட்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகத் தோல் கருவியில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடலோர ஈரக்காற்றில், ஐப்பசி கார்த்திகை மழையில் தோல் தளர்ந்துவிடும். தப்பு அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காய்ச்சிக் காய்ச்சித்தான் சத்தத்தை மீட்பார்கள். வலைத்தோலுக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஆக்டோபேட் சொல்லும் பாடம்

தொழில்நுட்பம் புதிது என்றாலும், இதனால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க ஜோசியம் தேவையில்லை. ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் ஒரு நல்ல மெல்லிசைக் குழு என்றால் ட்ரம்ஸுக்கு ஒருவர், காங்கோ-தும்பாவுக்கு ஒருவர், தபேலா-டோலக்குக்கு ஒருவர், சின்னச் சின்னத் தாளக் கருவிகளுக்கு ஒருவர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். சினிமாப் பாட்டில் மின்னணுத் தாளம் கேட்க ஆரம்பித்ததும், மேடையிலும் அதே சத்தம் வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். ஆக்டோபேட் வந்தது. நான்கு பேர் செய்ததை ஒருவர் இரண்டு குச்சியால் செய்தார். வேனில் இடம் மிச்சம், சாப்பாட்டுச் செலவு மிச்சம், சம்பளம் மிச்சம். மிச்சமானது குழு நடத்துபவருக்கு. மற்ற மூன்று பேரும் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கோயில்களில் நடந்தது இதைவிட மோசம். மோட்டாரில் ஓடும் மேள இயந்திரத்தை இன்று எத்தனையோ கோயில்களில் பார்க்கலாம். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் சேகண்டியும் 'டம டம' என்று தானாக அடித்துக்கொள்ளும். தீபாராதனைக்கு வாசிக்க ஆள் இல்லை என்பதால் இயந்திரம் வந்தது என்பார்கள். இயந்திரம் வந்துவிட்டதால் ஆள் தேவைப்படாமல் போனதும் உண்மைதானே?

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மேள இயந்திரத்துக்குக் கை வேண்டாம். ஆக்டோபேடுக்குக் கை வேண்டும், ஆனால் குறைவான கை போதும். ட்ரிக்கர் பொருத்திய ட்ரம்ஸுக்கோ ஒரு முழு ட்ரம்மர் உட்கார்ந்து, இரண்டு கை இரண்டு காலோடு வாசித்தாக வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் உட்கார்ந்தால் அதுவும் அப்படியே கேட்கும்! இந்த வகையில் ட்ரிக்கர், மனிதனை விரட்டும் கருவி இல்லை. டிரம்ஸ் சிவமணியைப் பாருங்கள். ஒரு பக்கம் ட்ரம்ஸ், ஒரு பக்கம் மின்னணுப் பேட், நடுவில் சூட்கேஸும் தண்ணீர் கேனும்கூட அவர் கையில் தாளமாகும். 2019-ல் பத்மஸ்ரீ விருது அவருடைய கைக்குத்தான் கிடைத்தது.

தவிலை அளக்க 128 படி போதுமா?

முத்துப்பேட்டையைச் சுற்றிய மண் தவிலுக்குப் பேர்போனது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949) என்ற பெயரைச் சொன்னாலே தவில் கலைஞர்கள் எழுந்து நிற்பார்கள். அரித்துவாரமங்கலம், வலங்கைமான் என்று இந்தப் பகுதியின் ஊர்ப்பெயர்களே தவில் மேதைகளின் முன்பெயராகிவிட்டன. பக்கத்துத் திருத்துறைப்பூண்டிக் கோயிலிலும் திருவாரூர்த் தியாகராஜர் கோயிலிலும் பஞ்சமுக வாத்தியம் இருக்கிறது. ஒரே பெரிய உலோகக் குடத்துக்கு ஐந்து வாய், ஐந்துக்கும் தோல், ஐந்துக்கும் தனித்தனி நாதம். ஒருவரே நின்று ஐந்து ஒலிகளை எழுப்பும் யோசனை ஜப்பானிலிருந்து வந்துதான் டெல்டாக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை!

இப்படிப்பட்ட கருவியில் ட்ரிக்கரைப் பொருத்தினால் என்ன ஆகும்? பழைய மிடி மொழியில் அடியின் பலம் 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிதான். ராக் பாட்டு ட்ரம்ஸுக்கு அது போதும். தவிலில் ஒரு பக்கம் பூவரசங் குச்சி, மறுபக்கம் விரல்களில் மாட்டிய கூடு. ஓரத்தில் பட்டால் ஒரு சொல், நடுவில் பட்டால் ஒரு சொல், அமுக்கி எடுத்தால் வேறொரு சொல். பலத்தை மட்டும் அளக்கும் வில்லைக்கு இவை எல்லாமே வெறும் 'அடி'. அதோடு ஒரு பக்கம் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று வழியாக மறுபக்கத் தோலும் அதிரும். எந்தப் பக்கம் அடித்தார்கள் என்றே ட்ரிக்கர் குழம்பிப் போகும்.

வேகமும் ஒரு பிரச்சினை. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் தட்டுக்கு எட்டுச் சொல் வாசித்தால் நொடிக்குப் பதினாறு அடி. இரண்டு அடிக்கு நடுவே 62 மில்லி விநாடிதான். ஓர் அடியின் அதிர்வு அடங்கும் முன் அடுத்த அடி விழும். ஒரே அடியை இரண்டாக எண்ணிவிடக் கூடாது என்று மாட்யூல் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் விழும் மெல்லிய சொல் காணாமல் போகும்.

வழி இல்லாமல் இல்லை. 2020-ல் வந்த மிடி 2.0-வில் 128 படி 65,536 படியாக உயர்ந்தது. நியூயார்க்கின் சன்ஹவுஸ் நிறுவனம், தோலின் எந்த இடத்தில் எப்படி அடி விழுந்தது என்பதைப் பிரித்தறியும் மென்பொருளைச் செய்திருக்கிறது. வாசிப்பவர் தன் அடி ஒவ்வொன்றையும் முதலில் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த முறையைத் தவிலுக்கும் தப்புக்கும் கொண்டுவர முடியாதா? முடியும். ஆனால் அதை அமெரிக்கக் கம்பெனியோ ஜப்பான் கம்பெனியோ செய்து தரும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

யாருடைய சத்தம்?

உண்மையான ஆபத்து வயரிலும் இல்லை, அலையிலும் இல்லை. மாட்யூலுக்குள் இருக்கும் ஒலி யாருடையது என்ற கேள்வியில்தான் இருக்கிறது.

ட்ரிக்கர் தானாக எந்த ஒலியையும் உண்டாக்குவதில்லை. எங்கேயோ ஒரு கலைஞர், ஏதோ ஒரு நாளில் வாசித்துப் பதிவான ஒலியைத்தான் அது ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுக்கிறது. ஒரு தவில் வித்வானை ஸ்டூடியோவுக்கு அழைத்து, ஒவ்வொரு சொல்லையும் நூறு தரம் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டு, ஒரு நாள் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும். பிறகு உலகத்தில் எந்த மூலையில் யார் பேடைத் தட்டினாலும் அவருடைய ஐம்பது வருடச் சாதகம் 'தொம்' என்று ஒலிக்கும். பெட்டியில் அவர் பெயர்கூட இருக்காது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் நிகழ்த்துகலைஞர்களுக்கு உரிமை வந்தது. 2012 திருத்தத்தில், வணிக ரீதியாகப் பயன்படுத்தும்போது ராயல்டியில் பங்கு உண்டு என்றும் வந்தது. ஆனால் ஒற்றை அடியாகப் பதியப்பட்ட ஒலிக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லக் கலைஞருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தவிலுக்கே இந்த நிலை என்றால், மரியாதையும் கூலியும் இன்னும் குறைவாகக் கிடைக்கும் தப்பாட்டக் கலைஞரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே கம்பியில்லா ட்ரிக்கர் வரட்டும், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, அது கலைஞரின் கையில் இருக்கும் கருவியோடு சேர வேண்டும். அவரை மேடையிலிருந்து இறக்கிவிடும் சாக்காக ஆகக் கூடாது. இரண்டு, ஒலி கொடுத்தவரின் பெயரும் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மாணவர்களால் என்ன முடியும்?

பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினால்தான் ஆயிற்று என்றில்லை. பீசோ வில்லை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், பலமான அடியில் எகிறும் மின்னழுத்தம் சிப்பைப் பொசுக்காமல் தடுக்க இரண்டு டயோடு, சில நூறு ரூபாய் விலையில் ஈஎஸ்பி32 போன்ற வயர்லெஸ் சிப், ஒரு சின்ன பேட்டரி. பொறியியல் மாணவர்கள் கடைசி வருட புராஜெக்ட்டுக்கு எங்கோ விலைக்கு வாங்கிவரும் 'லைன் ஃபாலோயர் ரோபோ'வைவிட இதற்குச் செலவு குறைவு, பயன் அதிகம்.

பயன் என்ன? கம்பியில்லாத கருவி முதலில் பொருந்த வேண்டிய இடம் சுவாமி புறப்பாடுதான். தவில் வாசிப்பவர் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறார். எந்த வயர் அவர் பின்னால் போகும்? அவருடைய தவிலில் ஒரு சின்ன வில்லையைப் பொருத்தினால், ஒலி தோலிலிருந்தே வரும், அடியின் கணக்கு மட்டும் கம்பியில்லாமல் பதிவாகும். எந்தக் கணத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு பலத்தில் என்று ஒரு தனி ஆவர்த்தனம் முழுவதும் எழுத்தாக நிற்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து மாணவன் வீட்டில் கேட்டுப் பழகலாம். ஆசானின் ஒரு மோராவில் இடைவெளிகள் எப்படி அமைகின்றன என்று அளந்து பார்க்கலாம். மேதைகள் பலரின் வாசிப்பு பதிவாகாமலே போன பூமியில் இது சின்ன விஷயமா?

மெல்லிசைக் குழு ட்ரம்மருக்கும் இதில் நன்மை உண்டு. தன் பழைய செட்டிலேயே ட்ரிக்கரை ஒட்டிக்கொண்டால் எட்டு மைக்குக்கும் எட்டு வயருக்கும் வேலை இல்லை. தோல் ஒலி மேடையில் கேட்கும், தேவையான கூடுதல் ஒலி ஸ்பீக்கரில் வரும். நடுக் கச்சேரியில் அலை அறுந்தாலும், சார்ஜ் தீர்ந்தாலும், கரண்டே போனாலும் அவர் கீழே தோல் இருக்கிறது. வாசிப்பு நிற்காது. கடைமடை ஊருக்கு ஏற்ற வடிவம் இதுதான்.

ஆக்டோபேட் வந்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. வாங்க வசதி இருந்தவர்கள் வாங்கினார்கள், வேலை போனவர்கள் போனார்கள். இந்தமுறை கருவி இன்னும் முத்துப்பேட்டை மேடைக்கு முழுதாக வந்து சேரவில்லை. கேள்வி கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த திருவிழாவில் கச்சேரி தாமதமாகும்போது, மேடைக்குப் பின்னால் போய் அந்த ட்ரம்மரிடமும், கீழ வீதியில் காத்திருக்கும் தவில்காரரிடமும் பேசிப் பாருங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சாலிடரிங் அயர்னைக் கையில் எடுப்பதுதான் முறை!